ஜாரின் அடியில் ஒரு மடக்கு

ஜூஸ்காரர் வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. இதைக் கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். சிகரெட் கிடையாது, புகையிலை கிடையாது, ஒன்பதரை மணிக்குத் தூக்கம். "நான் விக்கிறதே ஆரோக்கியம்தாங்க" என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள், போட்டோ எடுத்து மாட்டிவைக்கலாம். பக்கத்துக் கடை போட்டோ ஸ்டூடியோதான். ஆனால் அந்த ஸ்டூடியோக்காரருக்கு இதே வசனத்தை இருபது வருஷமாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கடை எட்டடி அகலம். முன்னால் கண்ணாடிப் பெட்டியில் ஆரஞ்சு, ஆப்பிள், அன்னாசி. பலகையின் மேல் இரண்டு மிக்ஸி, ஓரத்தில் சர்க்கரை டப்பா, கீழே தோலுக்கு ஒரு வாளி. ஆள் வந்து நின்றால் ஜூஸ்காரரின் கைகள் தானாக ஓடும். பழத்தை நறுக்குவார், அடிப்பார், வடிகட்டுவார், கிளாஸை விளிம்பு வரை நிரப்பி நீட்டுவார், ஜாரை ஒரு தூக்குத் தூக்கிக் காலி பண்ணுவார், கழுவிக் கவிழ்ப்பார், பலகையைத் துடைப்பார். ஒரு நாளைக்கு அறுபது தடவை. நடுவில் பேச்சு மட்டும் நிற்காது.

அவருக்கு ஒரே ஒரு தங்கை. வயது நாற்பத்தொன்று ஆகியும் அவருக்கு அவள் இன்னும் பாப்பாதான். சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டையை விரித்துப் பார்த்து, எங்கே தையல் விட்டிருக்கிறது, எந்தப் பட்டன் கோணலாக நிற்கிறது என்று கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு சட்டை. அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்பது கம்பெனிக்கே தெரிந்த விஷயம்.

அந்தக் கண்ணில்தான் பிரச்சினை தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேலி பேச வாயெடுத்த ஜூஸ்காரர் அவள் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். நிறத்தைப் பார்த்தே பழத்தின் வயதைச் சொல்கிறவர் அவர். தங்கையின் கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் இருந்தது.

"பாப்பா, இங்க திரும்பு. கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

"தூக்கம் இல்லண்ணா. ஒரு வருஷமாவே உடம்பெல்லாம் அரிப்பு. துணித் தூசி ஒத்துக்கல போல."

துணித் தூசி இல்லை. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு பரிசோதனையாகப் போய்க் கடைசியில் கல்லீரல் டாக்டரிடம் வந்து நின்றார்கள். அந்த அம்மா சுற்றிவளைத்துப் பேசுகிறவர் இல்லை. "இதுக்குச் சாப்பாடும் காரணம் இல்ல, வேற எந்தத் தப்பும் காரணம் இல்ல. காவல்காரனே வீட்டுக்காரரைத் திருடன்னு நினைச்சு அடிச்சா எப்படி? அந்த மாதிரி, உடம்போட காவலே கல்லீரலுக்குள்ள இருக்கிற பித்தக் குழாய்களை அடிச்சுக் கெடுத்திருக்கு. பித்தம் வெளிய போக வழியில்லாம உள்ளயே தேங்குது. அதான் அரிப்பு, அதான் மஞ்சள்."

ஒன்றரை வருஷம் மருந்தில் ஓடியது. பிறகு மருந்து கைவிட்டது. வயிற்றில் நீர் கோத்தது. நாலு படி ஏறினால் தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலைக்கு லீவு போட்டாள். கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துப்போய் வெளியே வந்தாலே கறுப்புக் கண்ணாடி போட ஆரம்பித்தாள். "நான் நல்லாப் பழுத்துட்டேன்ணா, கண்ணாடிப் பெட்டியில எடுத்து வெச்சுக்கோ" என்று அவளே சிரிப்பாள். அண்ணனுக்குச் சிரிப்பு வராது. அவளுடைய மகளுக்கு அப்போது பதினொரு வயது.

மாற்றுக் கல்லீரல் வைத்தால்தான் வழி என்று டாக்டர் சொன்னார். உயிரோடு இருப்பவரே ஒரு பகுதியைக் கொடுக்கலாம் என்றும் சொன்னார்.

"வெட்டிக் கொடுத்தா, கொடுத்தவங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார் ஜூஸ்காரர்.

"வளரும். கொடுத்தவங்களுக்கும் வளரும், வாங்கினவங்களுக்கும் வளரும். மூணு மாசத்துல ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட முழுசாயிடும். இப்படி வளர்ற உள்ளுறுப்பு வேற கிடையாது."

ஜூஸ்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "அப்ப என்னோடதை எடுங்க. ஒரு சொட்டு மது படாத கல்லீரல் டாக்டர், புத்தம் புதுசா இருக்கும்."

தங்கை கணவருக்கு ரத்த வகை ஒத்துவரவில்லை. ஜூஸ்காரருக்கு ஒத்துவந்தது. தெருவே தெரிந்துகொள்கிற மாதிரி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஸ்கேனுக்குப் போனார். திரும்பி வரும்போது முகத்தில் ஈயாடவில்லை.

புத்தம் புதுக் கல்லீரலில் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பங்கு கொழுப்பு! பத்துக்குக் கீழே வந்தால்தான் எடுக்க முடியும் என்றார் டாக்டர். இப்படியே எடுத்தால் மீதியை வைத்துக்கொண்டு இவர் பிழைப்பது ஆபத்து; கொடுத்த பகுதியும் தங்கை உடம்பில் சரியாக வேலை செய்யாது.

"டாக்டர், நான் குடிக்கவே மாட்டேனே!"

"குடிக்காதவங்களுக்கும்தான் வருது. உங்களுக்குப் பத்து வாரம் டைம். அதுக்கு மேல உங்க தங்கச்சியைக் காக்கவைக்க எனக்குத் தைரியம் இல்ல."

பத்து வாரம் என்றால் எழுபது நாள். ஒரு பெட்டி ஆப்பிளைக்கூட அதைவிட அதிக நாள் வைத்திருந்து அவர் விற்றிருக்கிறார்.

உணவு ஆலோசகர் அறை மாடியில் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். மேஜை மேல் பிளாஸ்டிக் கல்லீரல் பொம்மை ஒன்று. அதைக் கையில் எடுத்துக்கொண்டு பொறுமையாகப் பேசினாள்.

"நீங்க சாப்பிடுற சாப்பாடு குடல்ல கரைஞ்சதும் பெரும்பகுதி நேரா இங்கதான் சார் வரும். இது ஒரு குடோன் மாதிரி. வர்ற சர்க்கரையில தேவையானதை உடம்புக்கு அனுப்பும், கொஞ்சத்தைச் சேர்த்து வெச்சு நீங்க தூங்கும்போது எடுத்துக் கொடுக்கும். பித்தம் செய்யும், ரத்தம் உறையத் தேவையானதைச் செய்யும், வேண்டாததைப் பிரிச்சு வெளிய தள்ளும். ஆனா சேர்த்து வைக்கிற இடம் சின்னது. நிரம்பின பிறகும் சர்க்கரை வந்துகிட்டே இருந்தா, அதைக் கொழுப்பா மாத்தித் தனக்குள்ளயே அடுக்கிக்கும்."

"நான் இனிப்பு அதிகம் சாப்பிட மாட்டேம்மா."

"ஜூஸ்?"

"அது பழம்மா!"

"பழத்தைக் கடிச்சுத் தின்னா ஒரு ஆரஞ்சுலயே வயிறு சொல்லிடும், நார் இருக்கிறதால சர்க்கரையும் மெதுவாத்தான் இறங்கும். பிழிஞ்சா நாலு ஆரஞ்சு ஒரு நிமிஷத்துல உள்ள போயிடுது. மேல ரெண்டு கரண்டி சர்க்கரை வேற. பழச் சர்க்கரையில முக்கால்வாசி வேலை கல்லீரல் தலையிலதான் விழும்."

ஜூஸ்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக விற்ற ஆரோக்கியத்தை ஒரு பொம்மையைக் காட்டிக் கவிழ்த்துவிட்டாளே! ஆனால் வெளியே பெஞ்சில் கறுப்புக் கண்ணாடியோடு தங்கை உட்கார்ந்திருந்தாள். கோபத்தை விழுங்கிக்கொண்டு, "என்ன பண்ணணும்னு எழுதிக் கொடும்மா" என்றார்.

சர்க்கரை போட்ட எதுவும் வேண்டாம், ஜூஸ் வேண்டவே வேண்டாம். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ, மீதிக் கால் பங்குதான் சோறு. எண்ணெயில் பொரித்தது கிடையாது. ஒரு கைப்பிடி கடலை. காபி சர்க்கரை இல்லாமல் குடிக்கலாம், அது கல்லீரலுக்கு நல்லதுதான். தினமும் ஒரு மணி நேரம் வேக நடை. காகிதத்தை மனைவி வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். ஒட்டியதோடு விட்டால் அவள் அவருடைய மனைவியா? தினமும் என்ன உள்ளே போகிறது என்று ஒரு நோட்டும் போட்டாள்.

ஜூஸ்காரர் ஒன்று தீர்மானித்தால் தீர்மானித்ததுதான். காலை ஐந்தரைக்கு எழுந்து பாலம் வரை நடந்தார். தினமும் பதினொரு மணிக்குக் குடிக்கிற தன் கிளாஸ் ஜூஸை அன்றே நிறுத்தினார். ஸ்டூடியோக்காரர் பாசத்தோடு ஒரு பொடி டப்பா வாங்கி வந்தார். "கல்லீரலைக் கழுவிச் சுத்தம் பண்ணுமாம்" என்றார். டாக்டர் அந்த டப்பாவைப் பார்த்த பார்வையிலேயே பொடி பாதி ஆவியாகிவிட்டது. "மத்ததையெல்லாம் சுத்தம் பண்றதே அதுதான். அதைக் கழுவுறேன்னு பேர் தெரியாததைப் போட்டா, அதுவும் அது தலையிலதான் விழும்" என்றார். டப்பா ஸ்டூடியோவுக்கே திரும்பிப் போனது.

நாலு வாரம் முடிந்தது. மறுபடி ஸ்கேன். இருபத்தெட்டு, இருபத்தைந்துக்கு வந்திருந்தது. எடை ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஒளிக்காம சொல்லுங்க. வெளிய எங்கயாவது சாப்பிடுறீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டர்."

உணவு ஆலோசகர் நோட்டைப் புரட்டினாள். நோட்டில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் அவளுக்கும் சந்தேகம் வந்தது. மனைவி வாயால் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையை மோந்து பார்த்தாள். பிஸ்கட் வாசனை தேடுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. திருடாமலே திருடன் பட்டம். போதாக்குறைக்கு அந்த வாரம்தான் தங்கை வயிற்றிலிருந்து ஊசி போட்டு நாலு லிட்டர் நீர் எடுத்தார்கள். ஜூஸ்காரர் ஆஸ்பத்திரிக் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதார். முகம் கழுவிவிட்டு வெளியே வந்தார்.

இரண்டு நாள் கழித்துத் தங்கை கடைக்கு வந்தாள். வீட்டுச் சுவரைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டதாம். மிக்ஸிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ உன் வேலையைப் பாருண்ணா. நான் சும்மா உக்காந்திருக்கேன்."

சும்மா உட்காருவது அவளுக்கு வராது. கைக்குச் சட்டை இல்லையென்றால் எதையாவது பார்க்கும் அந்தக் கண். முதல் ஆள் வந்தார், ஆரஞ்சு. இரண்டாவது, அன்னாசி. மூன்றாவதாக ஒரு அம்மாவும் மகளும். ஐந்தாவது கிளாஸ் முடிந்ததும் தங்கை எழுந்தாள். பின்னாலிருந்த எவர்சில்வர் தூக்கைக் கழுவி அண்ணன் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் இதுல ஊத்துண்ணா."

"எதை?"

"ஜார்ல மிச்சம் இருக்கிறதை. கிளாஸை நீட்டிட்டு நீ வாய்க்குள்ள கவுத்துக்கிறியே, அதை."

"அதுவா? அது குடிக்கிறது இல்ல பாப்பா. ஜாரைக் காலி பண்றது." அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். கத்தியைத் துடைப்பது எப்படியோ, தோலை வாளியில் தள்ளுவது எப்படியோ, அப்படி. யாராவது கத்தி துடைப்பதை நோட்டில் எழுதுவார்களா?

"சரி, காலி பண்ணு. ஆனா இதுல காலி பண்ணு."

அன்று முழுக்க அவருடைய கழுத்து பழக்கத்தில் தானாகப் பின்னால் சாய்ந்தது. ஒவ்வொரு தடவையும் தங்கை தொண்டையைக் கனைத்தாள். சாயங்காலம் வெயில் தணிந்து கூட்டம் குறைந்ததும் தங்கை ஏழு கிளாஸை வரிசையாக வைத்துத் தூக்கைச் சாய்த்தாள். ஆரஞ்சும் அன்னாசியும் கலந்து ஒரு நிறம். முதல் கிளாஸ் நிரம்பியது. இரண்டாவது நிரம்பியது. ஏழாவதும் விளிம்பு வரை நிரம்பியது. தூக்கின் அடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது.

ஸ்டூடியோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "பார்ட்டியா?" என்று கேட்டார்.

ஜூஸ்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பதினொரு மணி கிளாஸ் ஒன்றை நிறுத்திவிட்டுத் தியாகி மாதிரி நடந்துகொண்டிருந்தார். ஏழு கிளாஸ் சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது, சர்க்கரையோடு! அதுவும் தங்கைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த நாலு வாரமும். "பாவி, நான் பாவி பாப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிச்சுக்காத. கண்ணாடிப் பெட்டி மேல கை படும். நாளையிலேர்ந்து மிச்சத்தைக் கொட்டிடு."

"பழத்தைக் கொட்டுறதா? என் கையால முடியாது."

"அப்ப அடுத்த ஆள் கிளாஸ்ல ஊத்து."

"ஒருத்தருக்கு அடிச்சதை இன்னொருத்தருக்குக் கொடுக்கிறதா? இந்தக் கடையில அது நடக்காது."

"சரி, பழத்தைக் குறைச்சுப் போடு."

"கிளாஸ் விளிம்பு தொடலைன்னா வர்றவங்க முகம் சுருங்கிடும்."

இதுதான் அவருடைய மூன்று சட்டம். இருபத்திரண்டு வருஷமாக ஒன்றைக்கூட மீறியதில்லை. மூன்றையும் மீறாமல் இருக்க அவர் கண்டுபிடித்த ஒரே இடம் தன் வாய். கெட்ட பழக்கத்தால் கெட்டிருந்தால் மனசுக்கு ஒரு சமாதானமாவது இருந்திருக்கும். மனுஷர் நேர்மையால் கெட்டிருந்தார்.

தங்கை அவரையே பார்த்தாள். கோணல் பட்டனைப் பார்க்கிற அதே பார்வை. "அண்ணா, அந்த மிச்சம் யாரோட பழம்?"

"யாரோடதுன்னா?"

"அவங்களுக்குன்னு நறுக்கினது. அவங்க வாங்கினது. கிளாஸ்ல கொள்ளலைன்னா அது உன்னோடதா ஆயிடுமா? இருபத்திரண்டு வருஷமா ஊர்க்காரங்க ஜூஸைத்தான் நீ குடிச்சிருக்க."

நேர்மைக்காரரை நேர்மையாலேயே மடக்கிவிட்டாள். ஜூஸ்காரர் எழுந்து போய் நூறு குட்டி டம்ளர் வாங்கி வந்தார்.

மறுநாளிலிருந்து கிளாஸோடு ஒரு குட்டி டம்ளரும் போனது. "இதுவும் உங்களோடதுதாங்க" என்று நீட்டினார். வாங்கியவர்கள் என்னவோ பரிசு கிடைத்த மாதிரி சிரித்தார்கள். "சர்க்கரை வேணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் டப்பாவைத் தொட்டார். பழத்தை நறுக்கி அப்படியே தட்டில் கொடுப்பதையும் தொடங்கினார். அதை எல்லாரும் வாங்கினார்கள் என்று சொன்னால் பொய். நாலு பேர் வாங்கினார்கள், பிறகு பத்துப் பேர்.

மிச்சமிருந்த ஆறு வாரத்தில் அவருடைய பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. கடைசி ஸ்கேன் அன்று டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு அதை அவர் பக்கம் திருப்பிவைத்தார். எட்டு. மனைவி கையிலிருந்த நோட்டாலேயே அவர் முதுகில் ஒன்று வைத்தாள். சந்தோஷத்தில் அவளுக்கு அப்படித்தான் கை நீளும்.

ஆபரேஷன் அன்று காலையில் இரண்டு தள்ளுகட்டிலும் கொஞ்ச நேரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தங்கையின் கை ஜில்லென்று இருந்தது.

"பயமா இருக்குண்ணா. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"நூத்துல அறுபது பங்கு உனக்கு எடுக்கிறாங்களாம். கிளாஸ் முழுக்க உனக்கு, ஜார் மிச்சம் எனக்கு. மிச்சத்துல வாழ எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷப் பழக்கம்."

தங்கை சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். ஜூஸ்காரர் பத்தே நாளில் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு அதிகாரம் பண்ணினார். கடையை மனைவி பார்த்துக்கொண்டாள். அவள் முதல் வேலையாக ஜாரில் தண்ணீர் ஊற்றி அளந்து, கிளாஸ் நிரம்ப எவ்வளவு வேண்டுமோ அங்கே ஒரு கோடு போட்டாள். அதன்பிறகு கிளாஸும் விளிம்பு தொட்டது, மிச்சமும் விழவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஏன் இது தனக்குத் தோன்றவில்லை என்று அவர் கேட்க, "தோணியிருந்தா உங்களுக்கு மடக்கு கிடைச்சிருக்குமா?" என்றாள். மூன்றாம் மாத ஸ்கேனில் அவருடைய கல்லீரல் கிட்டத்தட்டப் பழைய அளவுக்கு வளர்ந்திருந்தது. தங்கையுடையதும் வளர்ந்துகொண்டிருந்தது.

தங்கை வேலைக்குத் திரும்ப எட்டு மாதம் ஆனது. முதல் நாள் வேலை முடிந்ததும் நேராகக் கடைக்கு வந்தாள். கறுப்புக் கண்ணாடி இல்லை. முன்னூறு சட்டை பார்த்தாளாம், பதினேழில் ஸ்டிக்கர் ஒட்டினாளாம். ஜூஸ்காரர் ஒரு ஆரஞ்சை நன்றாகக் கழுவித் துடைத்து உரித்து, சுளைசுளையாக அவள் கையில் வைத்தார். அவள் மென்றுகொண்டே தெருவைப் பார்த்தாள். அவர் அவள் கண்ணைப் பார்த்தார்.

"என்னண்ணா அப்படிப் பார்க்குற? பழுத்திருக்கா?"

ஜூஸ்காரர் அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். சந்தையில் பழம் பொறுக்குகிற மாதிரி இடது கண்ணையும் பார்த்தார், வலது கண்ணையும் பார்த்தார். அவருடைய கண்தான் கலங்கியிருந்தது.

"இல்ல பாப்பா. இன்னும் ரொம்ப நாள் ஆகும்."